ஞாயிற்றுக்கிழமை சாப்பிடாத விரால்

கருத்தையாவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசிலிருந்தே வராது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வயிற்றுவலி என்று சொல்லக்கூட அவருக்கு வாய் குழறும். அப்பேர்ப்பட்ட மனுசனைத்தான் ராஜபாளையத்தில் பத்து வருசம் புளுகுக் கருத்தையா என்று கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கூட இல்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அவர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒரு விரால் மீன் கிடந்தது. அது தினமும் காலையில் அவர் கையிலிருந்து இரை வாங்கித் தின்னும். தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி, வாயைப் பிளந்து, விரலிடுக்கில் பிடித்திருக்கிற கெண்டைக் குஞ்சை 'டப்'பென்று வாங்கிக்கொண்டு போகும். இதைத்தான் சொன்னார். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஆனால் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அந்த விரால் தொட்டிக்கு அடியில், கல்லுக்குப் பின்னால் போய், நனைந்த விறகுக் கட்டையாகக் கிடந்தது. கிடந்தது என்றால் கிடந்ததுதான், செவுளைத் தவிர வேறெதுவும் அசையாது.

விரால் வந்த கதை இப்படி. எண்பத்து நாலாம் வருசம் சித்திரையில் சொந்த ஊரான தேவதானத்துக்குக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தார். கண்மாய் வற்றி, நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பாகக் கொசகொசவென்று விரால் குஞ்சுகள். ஒரு செம்பில் இரண்டைப் பிடித்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஒன்று வழியிலேயே செத்துப்போனது.

"இது குழம்புக்கும் காணாது, தொட்டுக்கிடவும் காணாது. எதுக்கு?" என்று கேட்டாள் அவர் மனைவி வெள்ளத்தாய்.

"வளக்கப் போறேன்."

"வளத்து?"

கருத்தையா குஞ்சை மண்பானைக்கு மாற்றினார். இருந்த ஒரே மகளை முந்தின வருசம்தான் கான்சாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் இருந்தது. அதைச் சொல்லலாம் என்றால் வெட்கமாக இருந்தது.

விரால் வளர்ந்தது பாருங்கள், அது வளர்ச்சி! முதலில் மண்பானை, பிறகு சிமெண்டுத் தொட்டி. ஒரு வருசத்தில் ஒரு முழம் ஆகி, இரண்டு தடவை துள்ளி முற்றத்தில் விழுந்து கிடந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுகிற கடையில் சொல்லி, இரும்புச் சட்டம் அடித்து, நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி செய்துகொண்டு வந்தார். மேலே பலகை, பலகைக்கு மேலே அம்மிக் குழவி. சட்னி அரைக்கிற குழவி மீன் தொட்டிக்குப் போய்விட்டதே என்று வெள்ளத்தாய் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

கருத்தையா நூற்பாலை ஒன்றில் ரிங் பிரேம் ஓட்டுகிற தொழிலாளி. வேலை என்னவென்றால், ஓடுகிற மிஷினில் அறுந்து போகிற நூலை அறுந்த வேகத்தில் பிடித்து ஒட்ட வைக்கவேண்டும். அவருக்கு எப்போதும் மூன்றாவது ஷிப்டு. அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்; ராத்திரி வேலையை மாற்றிக்கொடுக்க யார்தான் மாட்டேன் என்பார்கள்? காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதியதும் சைக்கிளை எடுப்பார். வரும் வழியில் கண்மாய்க் கரையில் இறங்கி, சின்ன வலையில் நாலு கெண்டைக் குஞ்சு பிடித்துத் தூக்குவாளியில் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வரும்போது வெள்ளத்தாய் இருக்க மாட்டாள். சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் அவளுக்கு வேலை, ஏழரைக்கே கிளம்பிவிடுவாள். வந்த கையோடு, மில் கொடுத்த நீலச் சட்டையைக் கூடக் கழற்றாமல், தலையிலும் புருவத்திலும் ஒட்டின பஞ்சோடு தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் விராலுக்கு இரை கொடுப்பார். அப்புறம்தான் குளியல், கஞ்சி, தூக்கம் எல்லாம்.

ஆரம்பத்தில் ஈர்க்குச்சியில் குத்தி நீட்டினார். பிறகு குச்சியைச் சின்னதாக்கி, இன்னும் சின்னதாக்கி, கடைசியில் விரலாலேயே. எண்பத்தைந்தில் ஒருநாள் காலையில் அது முதல் தடவையாக அவர் விரலிலிருந்து வாங்கிக்கொண்டபோது, "ஏலே, வாங்கிட்டாம்லே!" என்று சத்தம் போட்டுக் கத்தினார். கேட்பதற்கு வீட்டில் ஒருத்தரும் இல்லை. அன்றைக்கு ஷிப்டுக்குப் போனதும் பக்கத்து மிஷின் ஞானதுரையிடம் சொன்னார். ஞானதுரை நல்ல பையன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. மறுநாளே மில் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பார்க்கவேண்டும் என்று முதலில் மூன்று பேர் வந்தார்கள். மில் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உடம்பெல்லாம் பஞ்சோடு அடுத்தவர் வீட்டுப் படி ஏற மாட்டார்கள். போய்க் குளித்து, தூங்கி எழுந்து, வெள்ளையும் சள்ளையுமாகச் சாயங்காலம் வந்தார்கள். கருத்தையாவும் குளித்து, திருநீறு பூசி, வெளுத்த வேட்டி சட்டையில் வாசலில் நின்று வரவேற்றார். கெண்டையை நீட்டினார். விரால் ஒரு பார்வை பார்த்தது, கல்லுக்குப் பின்னால் போனது. அரை மணி நேரம் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். கை மரத்துப்போனது. மூன்று பேரும் காப்பியைக் குடித்துவிட்டு, போகும்போது அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டு இருக்கிறதே, அதற்குப் பதிலாக ரெண்டு அடி அடித்திருக்கலாம்.

சாயங்காலம் வந்ததுதான் தப்பு, அது காலையில் தின்கிற மீன் என்று நினைத்தார். காலையில் ஆள் கூப்பிட்டுப் பார்த்தார். யாராவது வருகிறார்கள் என்றால் அன்றைக்கு அவசரமாகச் சைக்கிள் மிதித்து வந்து முதல் வேலையாகக் குளித்துவிடுவார். வேட்டி சட்டை ஏறிவிடும். விரால் கீழே போய்விடும்.

மில் சட்டையோடு அவர் யார் முன்னாலும் நிற்க மாட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. தலைதீபாவளிக்கு ஷிப்டு முடிந்ததும் அதே சட்டையோடு, தலையில் பஞ்சோடு நேரே பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்து மாமனார் வீட்டுக்குப் போனார். மச்சினன் சோலைச்சாமிக்கு அப்போது பதினெட்டு வயசு. "அக்கா, ஓடியா! அத்தானுக்கு ஒரே நாள்ல தல நரைச்சுப் போச்சு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை, துண்டை எடுத்து நீட்டி, "போயிக் குளிச்சிட்டு வாங்க, பொறவு உக்காரலாம்" என்றார். உட்காரு என்று சொல்வதற்கு முன்னால் குளி என்று சொன்னது கருத்தையா மனசில் அப்படியே தங்கிவிட்டது. அன்றைக்குப் பிடித்து, வெள்ளத்தாயை விட்டால் அவரை நீலச் சட்டையில் பார்த்தவர்கள் மில் ஆட்களும் அந்த விராலும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவு. அன்றைக்கும் விரால் சாப்பிடாது. பொங்கல், தீபாவளி என்றாலும் சாப்பிடாது. அதுவும் ஒரு கூத்து. வெள்ளத்தாய் வீட்டில் இருப்பதே அன்றைக்குத்தான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள், இவர் வெற்றுடம்போடு சாரத்தைக் கட்டிக்கொண்டு கெண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"எங்க, திங்கச் சொல்லுங்க பாப்போம்."

"இன்னைக்கு ஞாயிறுல்லா. ஞாயித்துக்கெழம அது திங்காது."

"ஏன், வேதக்கோயிலுக்கு ஏசுவக் கும்பிடப் போகுதாக்கும்?"

லீவு நாளில் விரால் சாப்பிடாது என்பதை அவர் மில்லில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். தொலைந்தது. "அண்ணே, உங்க விராலுக்கு பி.எஃப். பிடிக்காகளா?" "போனசு எத்தன பர்சண்டு அண்ணே?" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். புளுகுக் கருத்தையா என்ற பேர் அந்த வாரம்தான் விழுந்தது.

அவரிடம் சாட்சி இருந்தது. வலதுகைக் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் ஊசி குத்தின மாதிரி வளைவாக வரிசைத் தழும்புகள். பழக்குகிற காலத்தில் விராலின் பல் பட்டது. அதைக் காட்டினால், "ரிங் பிரேம்ல வேல பாக்குறவன் வெரல்ல தடம் இல்லாம இருக்குமா" என்பார்கள். போட்டோ பிடித்தால் நம்புவார்கள் என்று ஸ்டுடியோக்காரரைக் காசு கொடுத்துக் கூட்டிவந்தார். ஸ்டுடியோக்காரர் வருகிறார் என்று புதுச்சட்டையே போட்டிருந்தார். படம் நன்றாகத்தான் வந்தது. கருத்தையா ஒரு கெண்டைக் குஞ்சைத் தண்ணீர்மேல் நீட்டிக்கொண்டு சிரித்தபடி இருந்தார். விரால் படத்தில் இல்லை.

"யாருக்கு அத்தான் படையல் போடுதீங்க?" என்று கேட்டான் சோலைச்சாமி.

சோலைச்சாமியைப் பற்றிச் சொன்னால் எனக்கே கோபம் வருகிறது. வில்லிபுத்தூரில் சைக்கிள் கடை வைத்து நன்றாக இருந்தான். வீட்டில் ஒரு வெள்ளை நாய், ராஜபாளையம் சாதிதான். அந்த நாய் ஆள் பேரைச் சொன்னால் வீட்டைக் காட்டும், கடைக்கு வருகிறவன் நல்லவனா கெட்டவனா என்று முகர்ந்து சொல்லும் என்று அளப்பான். அந்த நாய் பிறந்ததிலிருந்து தூங்கிக்கொண்டிருப்பதைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் நம்பினார்கள். "அட, அப்படியா!" என்று வாயைப் பிளந்தார்கள். கருத்தையா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவனிடம் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏலே மாப்ள, நீ சொல்லுதத மட்டும் எப்பிடிலே நம்புதாக?"

"மொகராசி அத்தான்."

மாசம் ஒரு தடவை பால்கோவாவைத் தூக்கிக்கொண்டு அக்காளைப் பார்க்க வருவான். வந்ததும் முதல் கேள்வி, "விரால் என்ன சொல்லுது?" போகும்போது கடைசிப் பேச்சு, "எப்பக் கொழம்பு?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் கருத்தையா ஒவ்வொரு தடவையும் வேட்டி சட்டை மாற்றி, கையை நீட்டி, தோற்றுப்போவார். அவனுக்கு ஒரே ஒரு தடவை காட்டிவிட்டால் போதும், செத்தாலும் பரவாயில்லை என்று ஒருநாள் வெள்ளத்தாயிடமே சொன்னார். "மீனுக்கா இம்புட்டு?" என்றாள் அவள். மீனுக்கு இல்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றைந்தில் மில் மூடினார்கள். பஞ்சு விலை ஏறியது, நூல் விலை விழுந்தது என்றார்கள். ஒருநாள் ஷிப்டுக்குப் போனால் கேட்டில் பூட்டும் ஒரு போர்டும் தொங்கின. முப்பத்து மூன்று வருசம் வேலை பார்த்த ஆள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, ஆணியில் தொங்கின மூன்று நீலச் சட்டைகளையும் சுருட்டி வெள்ளத்தாய் முன்னால் எறிந்தார்.

"இத இனி என் கண்ணுல காட்டாத."

பழைய துணிக்கு பிளாஸ்டிக் சாமான் போடுகிற கூடைக்காரி செவ்வாய்க்கிழமைதோறும் தெருவுக்கு வருவாள். வெள்ளத்தாய் மூன்று சட்டையையும் அவளிடம் போட்டு ஒரு பச்சை வாளி வாங்கினாள். அந்த வாளியில்தான் விராலுக்குக் கெண்டைக் குஞ்சு போட்டு வைத்தார்கள்.

அதோடு விரால் சாப்பிடுவதை நிறுத்தியது.

முதல் நாள், சரி என்று விட்டார். இரண்டாம் நாள், மூன்றாம் நாள். ஒரு வாரம் ஆனது. தண்ணீர் மாற்றினார், கல் உப்புப் போட்டார். கெண்டை வேண்டாம் போலிருக்கிறது என்று அயிரை, மண்புழு, தவளைக் குஞ்சு, கடைசியில் ஆட்டு ஈரல் வரைக்கும் வாங்கிப் போட்டார். போட்ட ஈரல் ஊறி வெளுத்து நாறியது. விரால் அவர் நிழல் பட்டாலே கல்லுக்குப் பின்னால் போனது. பத்து வருசமாகத் தினமும் காலையில் அவருக்காக மேலே வந்து நின்ற மீன்! இரண்டு வாரத்தில் உடம்பு இளைத்துத் தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மில்காரன் கைவிட்டதைக்கூடத் தாங்கிக்கொண்டவருக்கு இது தாங்கவில்லை. தொட்டியை ஓங்கித் தட்டி, "நன்றி கெட்ட சனியனே! நான் என்ன செஞ்சேன் ஒனக்கு? ஒன்னாலதான ஊரு பூரா நான் புளுகன்! திங்கித் தொலையேன்!" என்று கத்தினார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதார். வெள்ளத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

விஷயம் சோலைச்சாமிக்குப் போனது. "தானாச் செத்தா ருசி போயிரும் அத்தான். ஞாயித்துக்கெழம வாரேன், அக்காள மசாலா அரச்சு வைக்கச் சொல்லுங்க" என்று பஸ் கண்டக்டர் மூலமாகச் சொல்லி அனுப்பினான். கருத்தையா மறுபடியும் தொட்டித் தண்ணீரை மாற்றினார். இன்னும் ஒரு வாரம் போனால் அது செத்துத்தான் போகும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். கரண்டு இல்லாமல் தறி ஓடாததால் வெள்ளத்தாய் வீட்டில் இருந்தாள். ஞானதுரை சைக்கிளில் வந்து இறங்கினான். சங்கத்தில் எல்லாரையும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு மில் கேட்டு முன்னால் வந்து போராட்டத்துக்கு உட்காரச் சொல்லியிருந்தார்கள். கருத்தையா மட்டும் வரவில்லை, ஏன் என்று கேட்டுவரச் சொன்னார்களாம்.

"சட்ட இல்லப்பா. வாளி வாங்கியாச்சு" என்றார் கருத்தையா.

"அட என்னண்ணே நீங்க" என்று உள்ளே வந்த ஞானதுரை, தொட்டியைத் தாண்டும்போது நின்றான். "அண்ணே, இது என்ன, என்னயவே பாக்குது?"

விரால் கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்திருந்தது. கண்ணாடி ஓரத்தில், ஞானதுரை நெஞ்சுக்கு நேராக, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கருத்தையா குழவியை இறக்கிப் பலகையைத் தூக்கினார், வாளியிலிருந்து ஒரு கெண்டையை எடுத்துக்கொண்டு கிட்டே போனார். விரால் சரக்கென்று கீழே போனது. அவர் ஒரு எட்டு பின்னால் வந்தார். விரால் மேலே வந்தது, ஞானதுரைப் பக்கமாக.

"குடுங்கண்ணே, நான் பாக்கேன்" என்று ஞானதுரை கெண்டையை வாங்கி நீட்டினான்.

'டப்.'

தண்ணீர் சுவர் வரைக்கும் அடித்தது. "யம்மா!" என்று ஞானதுரை கையை உதறினான். எப்போது விடவேண்டும் என்று அவனுக்குத் தெரியாதே, விரல் மாட்டிக்கொண்டது. ரத்தம் சொட்டியது. ஆனால் அவன் சிரித்தான், குதித்தான். "அண்ணே! தின்னுட்டு அண்ணே! எங்கையில தின்னுட்டு!"

கருத்தையா அவன் சட்டையைப் பார்த்தார். வெளுத்துப்போன நீலம், பையில் மில் முத்திரை. தன் உடம்பைப் பார்த்தார். வெள்ளைப் பனியன், வெள்ளை வேட்டி. மூன்று பேர் வந்த முதல் சாயங்காலம், ஸ்டுடியோக்காரர், ஞாயிற்றுக்கிழமைகள், சோலைச்சாமி வந்த மாசங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. ஒவ்வொரு நாளும் அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று அவருக்குத் தெரியும். மனுசன் மண்டையில் மடேர் மடேரென்று அடித்துக்கொண்டார். "சட்டடா! எலேய், சட்டடா அது! சட்டைக்குத்தான் வருது!" ஞானதுரை காதில் எதுவும் விழவில்லை. வெள்ளத்தாய் அவன் விரலைக் கழுவி, மஞ்சளை வைத்துப் பேண்டேஜ் துணியைச் சுற்றினாள். சுற்றி முடித்ததுதான் தாமதம், அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான்.

மில் கேட்டு முன்னால் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரிடமும் விரலைக் காட்டினான். அத்தனை பேரும் நம்பினார்கள். உடனே நம்பினார்கள் ஐயா! பத்து வருசமாக ஒருத்தர் சொன்னதை நம்பாதவர்கள், பத்து நிமிசத்தில் இவனை நம்பினார்கள். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம், கருத்தையா வீட்டு விரால் ஞானதுரை கையில் தின்கிறதாம் என்று ஆகிவிட்டது. கருத்தையா மறுநாள் டீக்கடையில் சட்டை விஷயத்தைச் சொல்லிப் பார்த்தார். "மீனு சட்டையப் பாக்குதாக்கும்? இது போன புளுகவிட நல்லாருக்கே" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சோலைச்சாமி வந்தான். குழம்புக்குப் பாத்திரத்தோடு வருவான் என்று பார்த்தால், சேக்காளிகள் நாலு பேரோடு வேடிக்கை பார்க்க வந்தான். ஞானதுரையும் கேட்டுப் போராட்டத்திலிருந்து நேரே நீலச் சட்டையோடு வந்து சேர்ந்தான். எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். ஞானதுரை இந்தத் தடவை விவரமாக ஈர்க்குச்சியில் நீட்டினான். 'டப்.' எல்லாரும் கைதட்டினார்கள். "ஆகா! ஆளுன்னா இவன் ஆளு!" என்றான் சோலைச்சாமி.

சுவர் ஓரத்தில் நின்ற கருத்தையா முன்னால் வந்தார்.

"ஞானதொர, சட்டையக் கழத்து."

"என்னண்ணே?"

"கழத்துலே!"

அவர் குரலைக் கேட்டு அவன் மறுபேச்சுப் பேசாமல் கழற்றினான். கருத்தையா தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, மச்சினன் முன்னால், அவன் கூட்டிவந்த நாலு பேர் முன்னால், அடுத்தவன் வேர்வை நாறுகிற அந்த மில் சட்டையைப் போட்டார். வயிற்றுப் பக்கம் பட்டன் எட்டவில்லை. தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார். விரால் அவரை நோக்கி வந்தது. தலையைத் தூக்கியது. அவர் விரலால் நீட்டினார், அது வாங்கியது. தண்ணீர் ஒரு சொட்டு வெளியே சிதறவில்லை, பல் படவில்லை. இன்னொன்று நீட்டினார், அதையும் வாங்கியது. மூன்றாவதையும் வாங்கியது.

கருத்தையா திரும்பி சோலைச்சாமியைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை வெள்ளத்தாய் மகள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"பரவால்லயே அத்தான்!" என்றான் சோலைச்சாமி. "ஞானதொர பழக்கிவிட்ட மீனு, இப்ப உங்க கையிலயும் திங்க ஆரம்பிச்சிட்டே!"

நாலு பேரும் ஆமா ஆமா என்றார்கள். ஞானதுரைக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "கொஞ்சங் கொஞ்சமாத்தாண்ணே பழகும். நீங்க விட்டுறாதீங்க" என்றான்.

கருத்தையா வாயைத் திறந்தார். பத்து வருசம், ஈர்க்குச்சி, தூக்குவாளி, கண்மாய்க்கரை எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. யாரிடம் சொல்ல? பலகையைத் தூக்கித் தொட்டியை மூடினார். காப்பி குடித்துவிட்டு எல்லாரும் எழுந்தார்கள். வாசலில் ஞானதுரை தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அண்ணே, அந்தச் சட்ட... நாளைக்குக் கேட்டுக்குப் போகணும். வேற இல்ல." கருத்தையா கழற்றிக் கொடுத்தார். வெற்றுடம்போடு அவர் உள்ளே வந்ததும் விரால் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

அவர் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளத்தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் வலதுகையை இழுத்துத் தன் மடியில் வைத்து, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்துப் பார்த்தாள். வியாழக்கிழமை ஞானதுரை விரலைக் கழுவினபோது அவள் பார்த்த அதே வளைவு, அதே வரிசை. அவனுக்கு ஒரு வரிசைதான். இவருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ இருந்தன.

"தெனமுமா?" என்று கேட்டாள்.

"சொன்னேம்லா."

"சொன்னிய." தழும்புகள்மேல் தன் விரலை ஓட்டினாள். "நாந்தான் ஒரு நா தறிக்குச் செத்த நேரம் பிந்திப் போயி, நின்னு பாத்திருக்கலாம்."

"நீலத்துணி எடுத்துத் தச்சுக்கிட்டாப் போச்சு" என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"புதுத்துணி அதுக்கு அடையாளம் தெரியுமோ என்னமோ."

செவ்வாய்க்கிழமை வெள்ளத்தாய் தறிக்குப் போகவில்லை. பச்சை வாளியில் இருந்த கெண்டைக் குஞ்சுகளை ஒரு பானைக்கு மாற்றினாள். வாளியைப் புளி போட்டுத் தேய்த்து, மீன் கவுச்சி போகக் கழுவி, முந்தானையால் துடைத்தாள். மூன்று சட்டையில் ஒன்றாவது விற்காமல் கிடக்காதா என்று சொல்லிக்கொண்டே, வாளியைத் தூக்கிக்கொண்டு போய் தெருமுனையில் கூடைக்காரிக்காக நின்றாள்.